ரிவெர்பைத் தூக்கி டிரைவுக்கு முன்னால் போட்ட அண்ணன்

ஆறாம்கம்பி:
மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸரில் (கிட்டார் ஒலியை மாற்றும் பெட்டி) சொந்தமாக செயின் (எஃபெக்ட் பிளாக்குகளின் வரிசை) கட்டுகிறவர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். சர்ச்சில் கிறிஸ்துமஸ் ரிகர்சல். என் பேட்ச் (சேவ் செய்து வைத்த செயின்) எல்லோரும் போடுவதுதான்: கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), டிரைவ் (கரகரப்பான டிஸ்டார்ஷன்), ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் பெட்டியின் நகல்), டிலே (திரும்பத் திரும்ப வரும் எதிரொலி), ரிவெர்ப் (பெரிய மண்டபத்தின் முழக்கம்). மெல்லிசைக் கச்சேரிகளில் ரொம்ப வருடம் வாசித்த அண்ணன் ஒருவர் வந்திருந்தார். "கொஞ்சம் குடு தம்பி" என்று கிட்டாரை வாங்கிக்கொண்டு, கடைசியில் இருந்த ரிவெர்ப் பிளாக்கை நகர்த்தி டிரைவுக்கு முன்னால் வைத்தார். வேறு ஏதோ ஒரு குமிழையும் திருகினார். பிறகு சுண்டுவிரலால் கிட்டார் வால்யூமை மெதுவாகத் திறந்தபடி ஒரே ஒரு நோட். அது எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. ஹார்மோனியத் துருத்தியை யாரோ விடாமல் அழுத்துவது போல வளர்ந்துகொண்டே போனது. கோயர் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

அப்புறம் அவர் அடுத்த பேட்சை மிதித்துவிட்டார். சேவ் செய்யவில்லை. போச்சு! நான் அதே பிளாக்கை அதே இடத்தில் வைத்தால் வெறும் இரைச்சல்தான் வருகிறது.

டோன்வேட்டை:
இதில் மாயம் ஒன்றும் இல்லை. டிஸ்டார்ஷன் பெரிய சத்தத்தை வெட்டி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். ரிவெர்ப் முன்னால் இருந்தால் அதன் வாலும் (தேய்ந்துபோகும் மிச்ச ஒலி) நோட்டுக்குச் சமமாக எழும்பும். ஒரே நோட் என்றால் அழகு. கார்டு (ஒரே நேரத்தில் பல சுரம்) பிடித்தால் எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று மோதி நாறிவிடும். நீங்கள் கார்டு அடித்திருப்பீர்கள், அவ்வளவுதான். 90களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஷூகேஸ் (கிட்டார் இரைச்சலும் முழக்கமும் கலந்த ராக் பாணி) குழுக்கள் இந்த மாதிரி விஷயங்களை வைத்தே தங்கள் தொனியைக் கட்டினார்கள்.

ரிதம்ராசா:
எனக்கு நடந்தது வேறு. கோயில் திருவிழா மேடை, மெலடிப் பாட்டு. பல்லவி முடியும்போது கிட்டாரின் டிலே தேய்ந்துகொண்டே போக, அதன் மேல் பாடகி சரணத்தை எடுக்க வேண்டும். நான் அடுத்த பேட்சை மிதித்தேன். டிலே சட்டென்று அறுந்து ஒரு கணம் மௌனம். அந்த அக்கா மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

பேட்ச் மாறும்போது பிராசஸர் புதுச் செயினை முழுதாக ஏற்ற வேண்டும், அந்த இடைவெளி அதனால்தான். இப்போது ஒரு பாட்டுக்கு ஒரே பேட்ச். உள்ளே பிளாக்குகளை மட்டும் ஆன், ஆஃப் செய்கிறேன். ஹெலிக்ஸ் பிராசஸரில் இதற்கென்றே ஸ்னாப்ஷாட் (ஒரே பேட்சுக்குள் எந்த பிளாக் ஆன், எது ஆஃப் என்ற சேமிப்பு) இருக்கிறது, ஒரு பேட்சுக்கு 8 வரை. டிலே பாட்டுக்கு ஓடும்.

லைன்அவுட்:
என் கதை சின்னது. வீட்டில் தேன் மாதிரி இருந்த பேட்ச், கல்யாண மண்டபத்தில் காதைக் கிழித்தது. சவுண்ட்காரர் என் சேனலை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் யாரும் இங்கே அடிப்படையைப் பேசவில்லையே! பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டிவிட்டார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் சரியாக எட்டாது. அதனால் ராத்திரி படுக்கையறையில் பேஸையும் டிரெபிளையும் ஏற்றிவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் அதே பேட்ச் அடியில் குமுறும், மேலே கிழிக்கும். பேட்சை மேடை அளவு சத்தத்தில் செய்யுங்கள். இரண்டாவது, மிக்ஸருக்கு நேராகப் போனால் கேப் பிளாக் ஆன். கிட்டார் ஆம்புக்குப் போனால் ஆஃப். மாற்றிப் போட்டால் ஒன்றில் கொசு ரீங்காரம், இன்னொன்றில் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரி. அப்புறம் டிலேயைக் காதால் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். 60,000ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுங்கள்: 120 என்றால் 500 மில்லிசெகண்ட், டாட்டட் எட்டாவதுக்கு (முக்கால் தட்டு நீள நோட்) அதில் முக்கால், 375. நாய்ஸ் கேட்டை (சின்னச் சத்தத்தை அடைத்துவிடும் பிளாக்) ரிவெர்புக்குப் பின்னால் வைத்தால் வாலை வெட்டிவிடும் என்பதையும்...

டோன்வேட்டை:
அண்ணே, இதையெல்லாம் யார் கேட்டது?

பனையோலை:
டோன்வேட்டை சொன்னது பாதிதான் சரி. கார்டு அடிக்காமல் ஒற்றை நோட் வாசித்தாலும் இவருக்கு இரைச்சல் வரலாம். ரிவெர்ப் கடைசியில் இருந்தபோது வைத்த மிக்ஸ் (ரிவெர்ப் எவ்வளவு கலக்கிறது என்ற அளவு), டிரைவுக்கு முன்னால் மிக அதிகம். அண்ணர் திருகின மற்றக் குமிழ் அதுவாகத்தான் இருக்கும். மிக்ஸை நன்றாக இறக்குங்கோ, டிரைவின் கெயினையும் (கரகரப்பின் அளவு) பாதியாக்குங்கோ. கம்ப்ரஸரையும் ஆஃப் பண்ணிப் பாருங்கோ, வால்யூம் குமிழால் எழுப்புற அந்த ஏற்றத்தை அது தட்டையாக்கும். எங்கட வீட்டில ஒருவர் இப்படித்தான் வாசிப்பார், பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும்.

ஆறாம்கம்பி:
கம்ப்ரஸர்! அதை ஆஃப் செய்து, மிக்ஸை 15க்கு இறக்கியதும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அந்த அண்ணன் நெக் பிக்கப்பில் (கிட்டார் கழுத்துப் பக்கத்து ஒலிவாங்கி) வாசித்தார் என்று நினைக்கிறேன். நன்றி பனையோலை. உடனே சேவ் செய்துவிட்டேன்.

ரிதம்ராசா, அந்த அக்கா மறுபடி கச்சேரிக்குக் கூப்பிட்டாங்களா?

ரிதம்ராசா:
கூப்பிட்டாங்க. அக்கூஸ்டிக் மட்டும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.