கம்பியில்லா மோடம் செய்தியைத் தொலைக்கிறதா?

நிலவறைவாசி:
மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் நிரல் எழுதக்கூடிய கணினிகளைத் தரும் துணைநிரலான கம்ப்யூட்டர்கிராஃப்டில் கம்பியில்லா மோடமை நம்பக் கூடாது, அது செய்திகளைத் தொலைத்துவிடும் என்று ஒருவர் புதியவர்களுக்கு அறிவுரை வழங்கியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. மோடம் எதையும் தொலைப்பதில்லை. தூர வரம்புக்குள் இருக்கும் கணினி ஓடிக்கொண்டிருந்தால் செய்தி அதன் நிகழ்வு வரிசைக்கு, அதாவது வந்தவை காத்திருக்கும் இடத்துக்கு, போய்ச் சேர்கிறது; அதன்பின் உங்கள் நிரலிலுள்ள, நிரலைச் சிறிது நேரம் உறங்க வைக்கும் ஸ்லீப் கட்டளை, தன் டைமர் முடியும்வரை வருகிற மற்ற நிகழ்வுகள் அனைத்தையும் எடுத்து வீசிவிடுகிறது. குற்றம் ஸ்லீப்பினுடையது.

கல்தச்சன்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். பெற வேண்டிய டர்டில் (நகரும் ரோபோ கணினி), விளையாட்டு ஏற்றாமல் விட்ட உலகத் துண்டான ‘சங்க்’கில் அணைந்து கிடக்கும்போதும், மோடம் வழியே செய்தி அனுப்பும் ரெட்நெட்டின் செண்ட் கட்டளை ‘ட்ரூ’ (சரி) என்றே விடை தருகிறது. போய்ச் சேராத செய்திக்கு இப்படி விடை தரும் ஒன்றை நம்பு என்கிறீர்களா?

நிலவறைவாசி:
மோடம் திறந்திருந்தது, செய்தி அனுப்பப்பட்டது என்பதற்குமேல் அந்த ‘ட்ரூ’வுக்குப் பொருள் இல்லை என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. பெற்றவுடன் பதில் அனுப்பும்படி டர்டிலுக்கு எழுதுவது உங்கள் வேலை. என் கேள்வி ஒன்றுதான்: உங்கள் நிரலில் ஸ்லீப் உண்டா, இல்லையா?

மின்மினி:
இருவரும் எண்டர் மோடம் வாங்கிவிட்டால் சண்டையே இல்லை. அதற்குத் தூர வரம்பு கிடையாது, விளையாட்டின் வேறோர் உலகமான நெதரிலிருந்தும் பேசலாம்.

நிலவறைவாசி:
எண்டர் மோடம் வைத்தாலும் ஸ்லீப் வீசுவதை வீசத்தான் செய்யும். தூரம்தான் சிக்கல் என்றால் அதற்கும் செலவு வேண்டாம். சாதாரண மோடமின் வரம்பு கீழே 64 பிளாக், உலகின் உச்சியில் 384. இருபுறத்தில் எதன் வரம்பு பெரிதோ அதுவே இரு திசைக்கும் செல்லும் என்பதால், ஒன்றை மட்டும் உயரத்தில் வைத்தாலே போதும்.

கல்தச்சன்:
இடி மழை வந்தால் அந்த 384 என்ன ஆகும் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நிலவறைவாசி:
புயல் நேரத்து வரம்பு அமைப்புக் கோப்பில் தனி மதிப்பாக இருக்கிறது, கம்ப்யூட்டர்கிராஃப்டின் இன்றைய வடிவமான சிசி ட்வீக்டில் இயல்பாக அதுவும் அதே 64, அதே 384. உங்கள் சர்வர் நிர்வாகி அதைக் குறைத்திருந்தால் அவரிடம் கேளுங்கள். ஸ்லீப்பைப் பற்றி இன்னும் நீங்கள் வாய் திறக்கவில்லை.

கல்தச்சன்:
என் சுரங்க நிரலை எடுத்து, என் பெயரை நீக்கிவிட்டு வெளியிட்டவரிடம் நான் ஸ்லீப் பற்றிப் பாடம் கேட்க வேண்டியதில்லை.

நிலவறைவாசி:
அந்த நிரலில் நான் மாற்றியதே அதைத்தான். ஸ்லீப்போடு சுரங்கம் தோண்டும் பகுதியையும் செய்தி கேட்கும் பகுதியையும், பல பகுதிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் பேரலல் மூலம் தனித்தனியாக ஓட விட்டேன். ஒன்று உறங்கும்போது மற்றொன்றுக்கு வரும் நிகழ்வு வீணாவதில்லை. பெயர் விவகாரத்தை அன்றே விளக்கிவிட்டேன்.

கல்தச்சன்:
நீங்கள் விளக்கவில்லை, விவாத இழையை மூடச் சொன்னீர்கள். மோடமைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை.

நிலவறைவாசி:
அப்படியானால் நிரலை இங்கே ஒட்டுங்கள், ஸ்லீப் எந்த வரியில் இருக்கிறது என்று நானே காட்டுகிறேன்.