வயிறு அடைச்சா மறதி கூடுது, உங்க வீட்லயும் இப்படித்தானா?

செல்லூர் பேத்தி:
எங்க அப்பத்தாவுக்கு 81 வயசு, அல்சைமர்னு சொல்லி நாலு வருசம் ஆச்சு. நான் கேக்க வந்தது வயித்தப் பத்திங்க. ரெண்டு நாள் வெளிக்குப் போகலேனா மூணாவது நாள் சாயங்காலம் ஆரம்பிச்சிரும், வெத்தலப் பெட்டிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வாசப்படியில நின்னு "மேலூர் பஸ்ஸு போயிரும்டி, எங்கய்யா தேடுவாரு"ன்னு ஒரே அழுகை. அவங்கய்யா செத்து அம்பது வருசமாச்சு. மறுநா காலையில வயிறு ஒழுங்காப் போயிருச்சுன்னா அதே ஆளு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு காப்பி கேப்பாங்க. அத்தை நம்பல, "ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்"னாங்க. அதான் மாசக் காலண்டர்ல வெளிக்குப் போன நாளுக்கு ஒரு புள்ளி, ஆட்டம் போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறின்னு ரெண்டு மாசம் போட்டு டாக்டர்ட்ட காட்டினேன். மலச்சிக்கல், தண்ணி பத்தாம போறது இதெல்லாமே இவங்களுக்கு குழப்பத்தக் கூட்டும்மா, அதுக்கே பாக்டீரியா வரைக்கும் போக வேணாம், ஆனா குடல் பாக்டீரியாவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்கான்னு ஆராய்ச்சி ஓடிக்கிட்டுத்தான் இருக்குன்னாரு. அதுலருந்து தூக்கம் போச்சு எனக்கு.

மேலூர்க்காரன்:
தங்கச்சி, திடீர்னு ஒரே நாள்ல மோசமானா வயித்த மட்டும் பாக்காதம்மா. எங்கப்பா ஒரு ராத்திரியில ஆளே மாறிட்டாரு, எங்கம்மாவையே யாருன்னு கேட்டாரு. நோய் முத்திருச்சுன்னு சொந்தக்காரய்ங்க எல்லாம் வந்து உக்காந்துட்டாய்ங்க. கடைசில பாத்தா யூரின் இன்ஃபெக்சன். மருந்து குடுத்து ஒரு வாரத்துல பழைய நெலமைக்கு வந்துட்டாரு.

பாதியில விட்ட மைக்ரோபயாலஜி:
படிச்சது மைக்ரோபயாலஜி, இப்ப ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறேன், ஆனா இந்த விசயத்த மட்டும் விடாம படிக்கிறேன். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல 2017ல நோய் இருக்கிற 25 பேரு, இல்லாத 25 பேரு மலத்த எடுத்துப் பாத்தாங்க, நோயாளிங்களுக்கு குடலுக்கு நல்லதுன்னு சொல்ற பைஃபிடோ பாக்டீரியா கொறைச்சல். சரி, மறதி வந்தவங்க சாப்பாடே மாறிப்போகுதே, அதனாலயா இருக்கலாம்ல? அந்தக் கேள்விக்குத்தான் 2023ல செயின்ட் லூயிஸ்ல மறதியே இல்லாத 164 பேரப் பாத்தாங்க. அதுல 49 பேருக்கு மூளையில அமிலாய்டுன்னு இந்த நோய்ல சேருற புரதம் படிய ஆரம்பிச்சிருந்துச்சு, அவங்க குடல் பாக்டீரியா அப்பவே மத்தவங்கள மாதிரி இல்ல. அதே வருசம் அயர்லாந்து கார்க்ல நோயாளிங்க மலத்துல இருந்த பாக்டீரியாவ எலிக்கு ஏத்துனாங்க, எலிக்கு ஞாபகம் கொறஞ்சிருச்சு. நார்ச்சத்த பாக்டீரியா நொதிக்க வைக்கிறப்ப பியூட்டிரேட்னு ஒண்ணு உருவாகும், குடல் சுவர கெட்டியா வச்சுக்கும், அழற்சின்னு சொல்ற உள்வீக்கத்தக் கொறைக்கும். பியூட்டிரேட் கொறஞ்சா அந்த அழற்சி ரத்தம் வழியா மூளை வரைக்கும் போகும்ங்கிறது ஒரு கருத்து. அக்கா, எலிக்கு நடந்தது அப்பத்தாவுக்கு நடக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மனுசங்கள்ல காரணம் இதுதான்னு இன்னும் யாரும் நிரூபிக்கல.

தெப்பக்குளம் மேற்கு:
நம்பி மாட்டுனவன் நான்தான் சார். எங்கம்மாவுக்கு மாசம் 3,800 ரூவான்னு ஆறு மாசம் குடல் பாக்டீரியாவச் சரி பண்ணும்னு சொன்ன கேப்சூல் வாங்கிக் குடுத்தேன். வித்த ஆளு 2019ல சைனாவுல அல்சைமருக்குன்னு ஒரு கடல்பாசி மருந்துக்கு அனுமதி குடுத்ததக் காட்டித்தான் பேசினான், அது வேற மருந்து, இவன் வித்தது வேற சரக்கு, அதுவும் அங்கயே நிபந்தனையோட குடுத்த அனுமதின்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. அம்மாவுக்கு ஞாபகம் வரல, வாயுதான் வந்துச்சு. கேட்டா "இன்னும் மூணு மாசம் குடுத்துப் பாருங்க"ன்றான்.

செல்லூர் பேத்தி:
ஐயையோ. எங்க வீட்ல அதெல்லாம் இல்லண்ணே. டாக்டர் எழுதுன சிரப்பு, கீரை, கொய்யா, மணிக்கு ஒருக்கா தண்ணி. காலையில ஒரு கும்பா நீச்சத்தண்ணி, சின்ன வெங்காயத்த நசுக்கிப் போட்டு. அது மூளைக்கு நல்லதுன்னு நான் சொல்ல வரல, அப்பத்தா சிரிச்சுக்கிட்டே குடிக்கிற ஒரே சாப்பாடு அதுதான், வேற வெஞ்சனம் நீட்டுனா தட்டிவிட்டுருவாங்க. பெருக்கல் குறி இந்த மாசம் நாலுதான், போன மாசம் பதினொண்ணு. ஆனா இனிமே கணக்கு சொல்ல முடியாது. நேத்து நான் புள்ளி வைக்கிறதப் பாத்துட்டு "என்னடி, புள்ளிய வச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போற"ன்னு பேனாவப் பிடுங்கி, ஒரு நாளு விடாம சுத்திச் சுத்தி இழுத்து சிக்குக் கோலமா போட்டுட்டாங்க. ஒரு எடத்துலயும் கோடு தப்பல.