பதில்: ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘உயர் பகு எண்’ என்றே வைத்துவிடலாமே. பகு எண் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

வணக்கம் ஐயா,

பள்ளிப் பாடத்தில் இருப்பதுதான் சிக்கல். தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும்விடக் கூடுதலான வகுத்திகள் இருந்தால் போதும், அந்த எண் இந்த இனத்தில் சேர்ந்துவிடும். 1, 2, 4, 6, 12, 24 என்று வரிசை போகிறது. இதில் 1 பகுவும் இல்லை, பகாவும் இல்லை. 2 பகா எண்ணேதான். ‘2 ஓர் உயர் பகு எண்’ என்று எழுதினால் ஏழாம் வகுப்புப் பையனே நம்மை மடக்கிவிடுவான். ஆங்கிலப் பெயரிலும் இதே ஓட்டை உண்டு. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

‘மிகை வகுத்தி எண்’ணும் சரிவராது. தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தன்னைவிடப் பெரிதாக வரும் 12, 18, 20 போன்றவற்றை ஏற்கெனவே மிகை எண் என்கிறோம். இரண்டும் குழம்பும்.

என் பரிந்துரை: விஞ்செண். விஞ்சு + எண், பகு எண் போலவே வினைத்தொகை.

ஒரு பெரிய எண்ணில் பொருத்திப் பார்ப்போம்: 293318625600. உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 வகுத்திகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. (அந்த 5040-உம் விஞ்செண்தான்!) அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று எங்கும் ஏறாமல் வருவதைக் கவனியுங்கள். எங்காவது ஏறியிருந்தால் அந்த இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றிப் போட்டு, அதே அளவு வகுத்திகளோடு சிறிய எண் ஒன்றைச் செய்துவிடலாம். அப்புறம் விஞ்சியது எங்கே?

இந்த எண்ணை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் 6746328388800 வரை இவற்றுக்குப் பட்டியல் போட்டார். அதில் விடுபட்டுப்போனது இதுதான். பட்டியலின் கடைசி எண்ணோ சரியாக இதன் 23 மடங்கு!

அதே கட்டுரையில் அவர் ‘சுப்பீரியர்’ என்று ஓர் உள்வகையையும் பிரிக்கிறார்: 2520, 5040, 55440, 720720 அதில் வரும்; நம் 293318625600 வராது. அதற்கு ‘மேல்விஞ்செண்’ என்று முன்னொட்டுப் போட்டால் போதும். ‘மேலுயர் பகு எண்’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நுழையாது.

---

> விஞ்செண் என்றால் எதில் விஞ்சியது? வகுத்திகளின் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்து வரும் ஈவில் விஞ்சும் எண்களும் உண்டே.

நியாயமான கேள்வி. அவற்றுக்கு ‘ஈவு விஞ்செண்’, இவற்றுக்கு ‘வகுத்தி விஞ்செண்’ என்று முழுப்பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் முதல் தடவை முழுப்பெயர், பிறகு வெறும் விஞ்செண். மறுப்பு இல்லையென்றால் இப்படியே சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.