ஆக்சிலரேட்டரை விட்டதும் சூப்பர்சார்ஜரில் படபடப்பு

1972 செவ்ரோலே நோவா கார், 350 கன இஞ்ச் வி8 எஞ்சின். மையவிலக்கு சூப்பர்சார்ஜர் (எஞ்சின் சுழற்றி, காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), நாலு பேரல் கார்புரேட்டருக்குள் ஊதும் அமைப்பு. பூஸ்ட், அதாவது அது தரும் கூடுதல் காற்றழுத்தம், 6 பிஎஸ்ஐ. இருப்பது மிச்சிகனில்.

ரெண்டு மாசமாக இந்தத் தொல்லை. 4500 ஆர்பிஎம்மில் கியர் மாற்றக் காலை எடுத்தால், புறா சிறகடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம். பூஸ்ட் மீட்டர் முள்ளும் துடிக்கிறது. காலை எடுத்ததும் மிச்ச அழுத்தத்தை வெளியே விட வேண்டிய ப்ளோ ஆஃப் வால்வு திறக்கவே இல்லை.

அந்த வால்வைத் திறப்பது ஹோஸ் வழியாக வரும் வாக்குவம். முதலில் அந்த ஹோஸை த்ராட்டில் தகட்டுக்கு மேலே இருக்கும் முனையில் மாட்டியிருந்தேன். என் முட்டாள்தனம், தகடு மூடினால் அங்கே வாக்குவம் ஏது, பூஸ்ட்தான். இப்போது இன்டேக் மேனிஃபோல்டில் (தகட்டுக்குக் கீழே, எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) நேராக எடுத்திருக்கிறேன். சத்தம் பாதி குறைந்தது, போகவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், கசிவில்லை. கையால் இழுக்கும் வாக்குவம் பம்ப் போட்டால் 14 இஞ்ச் (பாதரச அளவு) வாக்குவத்தில்தான் வால்வு அசைகிறது. பெரிய கேம் (எஞ்சின் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் தண்டு) என்பதால் ஐடிலில் எனக்கு வருவதே 9 இஞ்ச்.

பெட்ரோல் சேர்வது ப்ளோ ஆஃப் வால்வுக்கு அப்புறம்தான், அதனால் வெளியே போவது வெறும் காற்று. சூப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே கார்புரேட்டர் இருக்கும் உறிஞ்சும் அமைப்பாக இருந்தால் கலவையையே வெளியே விட்டதாகிவிடும், அந்தக் கவலை இல்லை.

மெலிசான ஸ்பிரிங் போட்டால் போதுமா, வால்வையே பெரிதாக மாற்ற வேண்டுமா?