வெதரிங் சொல்லித் தந்தவர்கள்: கராஜ் பாஸ், உழவு இயந்திரக்கார அண்ணன், உப்புக் காற்று

வெதரிங்கை, அதாவது பிளாஸ்டிக் மொடல் வண்டியைக் கறள், சேறு, தேய்மானத்தோடு பாவித்த வண்டி மாதிரி ஆக்கும் வேலையை, யாரிடம் கற்றீர்கள் என்று இந்தத் திரியில் கேட்டதற்கு மேலே எல்லோரும் வீடியோக்களைச் சொல்லியிருக்கிறீர்கள். நானும் பார்க்கிறவன்தான், நல்லவை நிறைய இருக்கின்றன. ஆனால் என் கைக்கு வந்ததில் பாதி, மொடல் என்றால் என்னவென்றே அக்கறைப்படாத இரண்டு பேரிடமிருந்து திருகோணமலைக்குள்ளேயே கிடைத்தது. அதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் செய்யும் வண்டி தமியா என்கிற மொடல் கம்பனியின் 1/35 (உண்மையில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு) யுனிவர்சல் கரியர், இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரித்தானிய வண்டி, பலர் பிரென் கரியர் என்று சொல்வது. மேல்மூடி இல்லாத, ட்ராக்கில் (சங்கிலிப் பட்டியில்) ஓடும் சின்ன வண்டி, நடுவில் ஃபோர்ட் வி8 எஞ்சின், உண்மை நீளம் 3.65 மீற்றர், மொடலில் பத்தரை சென்ரிமீற்றர்கூட வராது. ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினார்கள், பர்மாக் களத்திலும் ஓடியது. மேல்மூடி இல்லாததால் உள்ளே மிதித்த தடம், பெட்டி உரசிய இடம், மூலையில் தேங்கிய மண் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் வெதரிங் பழக இதைவிட நல்ல வண்டி இல்லை என்பேன். டாங்கி என்றால் வெளிப்புறத்தோடு வேலை முடிந்துவிடும்.

முதல் ஆள் பட்டணத்தில் கராஜ் வைத்திருக்கும் ஒரு டிங்கர் பாஸ், வாகனத் தகடு திருத்துகிறவர். அப்பாவின் வானுக்குக் கதவடி கறள் பிடித்து ஓட்டை விழுந்திருந்தது, அதைக் கொடுக்கப் போன இடத்தில் அவர் கறளைச் சுரண்டிக்கொண்டே கதைத்தார். நடுத்தகடு முழுக்க பெயின்ட் அப்படியே இருக்க விளிம்பும் ஆணித்தலையும் மட்டும் ஏன் முதலில் போகின்றன என்று கேட்டேன். "தம்பி, கூர் விளிம்பில பெயின்ட் தடிப்பா நிக்காது. காயும்போது உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போயிடும். அந்த இடம் எப்பவும் மெல்லிசு. கையும் காலும் படுறதும் அங்கதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் சிப்பிங் (பெயின்ட் உரிந்த தடம்) எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்ற முழுக் கணக்கும் அதற்குள் இருக்கிறது. விளிம்பு, ரிவெட் தலை, ஆள் ஏறி இறங்கும் பக்கச் சுவரின் மேல் உதடு, கருவி மாட்டும் கொளுக்கியின் கீழ்ப்பக்கம், இவ்வளவும் போதும். தகட்டின் நடுவில் காரணம் இல்லாமல் ஒரு கீறல் இருந்தால் பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் நம்பாது.

அளவையும் நினைவில் வையுங்கள். 1/35 இல் ஒரு மில்லிமீற்றர் சிப் என்றால் உண்மை வண்டியில் மூன்றரை சென்ரிமீற்றர், ஒரு பெரிய நாணயத்தை விட அகலமாகப் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஸ்பொஞ்சைச் சின்னதாகக் கிள்ளி, பெயின்டில் தொட்டு, கடதாசியில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய ஒன்றும் விழாத நிலைக்கு வந்த பிறகுதான் வண்டியில் வைப்பேன். இன்னொன்று, பிரித்தானியர் 1941 தொடங்கி 1944 வரை அடித்த எஸ்.சி.சி. 2 என்கிற நிறம் பச்சையே இல்லை, மண்ணிறம். அதற்கு மேல் கருங்கபில நிறத்தில் மட்டும் சிப் போட்டால் தூரத்தில் தெரியாது. முதலில் அடிநிறத்தை விட வெளிர் நிறத்தில் ஒற்றிவிட்டு, அந்தப் புள்ளிக்குள் கருங்கபிலத்தை மெல்லிய தூரிகையால் வையுங்கள். வெளிர் ஓரம் மேற்பூச்சு மட்டும் உரிந்த இடமாகவும், நடு இரும்பு வெளியே வந்த இடமாகவும் தெரியும்.

பாஸ் இன்னொரு விஷயமும் சொன்னார், நம்மூர் ஆட்களுக்கு இது மிக முக்கியம். மழை மாதங்களில் லக்கர் அடிக்காதே, பூத்துப் போகும் என்றார். தின்னர் பறக்கும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கும், காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிரில் படியும், பெயின்ட் பால் வெள்ளையாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் இங்கே காற்றே நனைந்து கிடக்கிறது. கட்டாயம் அடிக்க வேண்டுமென்றால் மழை விட்ட நாளில் வெயில் ஏறிய பிறகு, மெதுவாகக் காயும் தின்னர் சேர்த்து அடியுங்கள், கொம்பிரசரில் ஈரம் பிடிக்கும் வடியும் இருக்கட்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதற்கு நேர்மாறான தொல்லை. அக்ரிலிக் எயார்பிரஷ்ஷிலிருந்து வெளிவந்து பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடும், தடவினால் சொரசொரவென்று இருக்கும், ஊசிமுனையிலும் அடைக்கும். அப்போது விடியற்காலை வேலை செய்வேன், காய்வதைத் தாமதிக்க வைக்கும் ரிட்டாடர் சில துளி விடுவேன், கிட்டப் பிடித்து அடிப்பேன். பெயின்ட் பால் பதத்தில் இருக்கட்டும், அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. பக்கம். முதல் கோட் மூடக்கூடாது என்பதும் பாஸ் சொன்னதுதான். தூவின மாதிரி விழ வேண்டும், அதற்கு மேல் வருகிற கோட்டுகளுக்கு அதுதான் பிடி.

இரண்டாவது ஆள் தம்பலகாமத்தில். வயல் உழுதுவிட்டு வந்த உழவு இயந்திரம் ஒன்று தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றது, சேறு அப்படியே. கேட்டுவிட்டுப் படம் எடுத்தேன். (கேட்டுவிட்டு எடுப்பது எங்கேயும் மரியாதை. திருகோணமலையில் அது தேவையும்கூட. பிரெட்ரிக் கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கமும் அப்படித்தான், ரெஃபரன்ஸ் படம் என்று சொல்லி கமராவைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.) அந்த அண்ணன் என் கமராவைப் பார்த்துவிட்டு, சேற்றையா எடுக்கிறீர்கள் என்று கேட்டார், பிறகு தானே சுற்றிக் காட்டத் தொடங்கினார். மட்கார்ட்டின் உட்புறம் பழைய சேறு காய்ந்து வெளிறி வெடித்திருக்க, அதன் மேல் அன்றைய சேறு கறுப்பாக நனைந்திருந்தது. மெல்லிய படலம் முதலில் காய்ந்து வெளிறும், தடித்த கட்டி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காயும், நடு மட்டும் இருண்டு கிடக்கும். சில்லின் நடுவே கிறீஸ் கசியும் இடத்தில் தூசி ஒட்டிக் கருத்துப் போயிருந்தது, அங்கே எவ்வளவு வெயில் அடித்தாலும் வெளிறாது. அவர் கால் வைத்து ஏறும் படியில் பெயின்டே இல்லை, இரும்பு பளபளவென்று மின்னியது. சேறே பட முடியாத ஒரு இடத்தில், ஆசனத்துக்குப் பின்னால், வெறும் தூசி மட்டும்.

அதைப் பார்த்த பிறகு ஒரே பிக்மென்ட் (நிறத்தூள்) போத்தலைத் திறந்து வண்டி முழுக்க அப்புவது எனக்குப் பிடிக்காது. கரியரின் கீழ்ப்பகுதிக்கு மூன்று நிறம் கலக்கிறேன். முதலில் வெளிர், நன்றாகக் காய்ந்த சேறு, ட்ராக்கிற்கு மேலே உள்ள ஃபென்டரின் அடியில். அதற்கு மேல் நடுத்தரம், குறைந்த பரப்பில். கடைசியாக இருண்டது, அதிலும் சிறிது இடத்தில், அதில் மட்டும் கொஞ்சம் மினுக்கம் இருக்கும்படி கிளியர் வார்னிஷ் ஒரு துளி. சில்லின் நடுவுக்குக் கருங்கபில எண்ணெய் வர்ணம், டர்பன்டைன் விட்டு இளக்கியது. உள்ளே, ஓட்டுநர் கால் வைக்கும் தரையில் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் மிதிபட்ட இரும்பு வந்துவிடும்.

உள்ளூர் மண்ணைப் பயன்படுத்தலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தாராளமாக, ஆனால் கடற்கரை மணல் வேண்டாம். அரை மில்லிமீற்றர் மணல் பருக்கை 1/35 இல் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் சென்ரிமீற்றர் கல், வண்டி சரளைக் கல்லில் புரண்டெழுந்த மாதிரி ஆகிவிடும். அதில் உள்ள உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு முற்றத்துச் செம்மண்ணை இடித்து, பழைய சீலைத் துணியில் சலித்து, விழுந்த தூசியை மட்டும் எடுங்கள். பிறகு சட்டியில் வறுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும்.

கறள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் கறளுக்குள்ளேயே வளர்ந்தவர்கள். சீனக்குடாப் பக்கம் பிரித்தானியர் போருக்கு முன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், உப்புவெளிக் கரையில் கைவிட்ட நங்கூரம், வேலிக் கம்பி, எல்லாவற்றிலும் உப்புக் காற்றின் வேலையைப் பார்க்கலாம். புதுக் கறள் செம்மஞ்சள், பழையது கருங்கபிலம், ஆணியிலிருந்து கீழே வடியும் கோடு போகப் போக மெலியும். இதை எல்லாம் கவனமாகப் பாருங்கள், ஆனால் அப்படியே வண்டியில் இறக்காதீர்கள். பராமரிப்பில் இருக்கும் போர் வண்டிக்கு ஆட்கள் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிப்பார்கள், களத்தில் அதன் ஆயுளும் பல வேளை சில மாதங்கள்தான். தகடு செம்மஞ்சளாகிப் பொருக்கு எழும்பக் காலம் வேண்டும். ஆகவே கவசத் தகட்டில் கறள் கொஞ்சமாக, எக்ஸோஸ்டில் (புகைக்குழாயில்) நிறைய. ட்ராக்கில் கபிலப் படலம், அதில் தரையைத் தொடும் மேடும் சில்லு ஓடும் பாதையும் தேய்ந்து மின்ன வேண்டும். கைவிடப்பட்ட வண்டி செய்கிறீர்கள் என்றால் வேறு, அப்போது தாராளமாக விளையாடுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு பதில்

அண்ணா, நீங்கள் கறளைப் பற்றி எழுதினீர்கள், எனக்கு இருந்த சிக்கல் வேறு. நான் முதலில் செய்யத் தொடங்கியது ஒரு பச்சை இராணுவ ட்ரக். அம்மா அதை ஷோகேசில் கண்டதும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் அது என் அலுமாரிக்குள் இருந்தது. இங்கே எங்கள் வீடுகளில் அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் அதைப் பற்றி அம்மாவோடு வாதாடவும் இல்லை, அவர் பட்டது அவருக்கு.

பிறகு அப்பப்பா ஒருநாள் தன் தகப்பன் சொன்னதாக, ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம் சனம் எல்லாம் பட்டணத்தை விட்டு ஓடின கதையைச் சொன்னார். 1942 ஏப்ரல் 9, துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கிய அன்று. அதற்குப் பிறகுதான் இரண்டாம் உலகப் போர் வண்டிகளை மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன். இப்போது செய்வது ஒரு பிரித்தானிய லொறி, மண்ணிறத்தில், நீங்கள் சொன்ன எஸ்.சி.சி. 2 தான். அம்மா பக்கத்தில் இருந்து பார்க்கிறார், தார்ப்போலின் மடிப்பு சரியில்லை, துணி ஈரமானால் இப்படித் தொங்காது என்று திருத்தவும் செய்கிறார். அவர் சொன்னபடி டிஷ்யூவைப் பசைத் தண்ணீரில் நனைத்துத் திரும்பப் போட்டேன், முன்பிருந்ததை விட எவ்வளவோ திறம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு பதில்

எங்கட வாப்பாவிடம் பழைய லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஒன்று இருக்கிறது, எக்ஸோஸ்ட் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அதிலிருந்துதான். எல்லாரும் மொடலில் குழாய் முழுக்கக் கரி பூசுகிறார்கள். வாப்பா காட்டினார், கரி வாயில் மட்டும், அதைச் சுற்றி ஒரு வளையம். எஞ்சினுக்குக் கிட்ட உள்ள பகுதியில்தான் சூடு கூட, அங்கே பெயின்ட் முதலில் எரிந்து போய் இரும்பு கறள் பிடிக்கும், தூரப் போகப் போகப் பெயின்ட் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆகவே நிறம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு கேள்வி நானா. நான் வோஷ் (மூலைகளில் தேங்க விடும் இளக்கின பெயின்ட்) போட்டபோது ஒட்டின இடத்தில் பிளாஸ்டிக் வெடித்துவிட்டது, ஒரு அச்சுக் கழன்றே போயிற்று. ஏன்?

மேலே எழுதியவர்

தம்பி, எக்ஸோஸ்ட் பற்றிச் சொன்னது அருமை, அடுத்த வண்டியில் அப்படியே செய்கிறேன். குழாயின் சொரசொரப்புக்குப் பெயின்டில் முகப்பவுடர் சிட்டிகை கலந்து குத்திக் குத்தி வையுங்கள், அதற்கு மேல் செம்மஞ்சளை ஸ்பொஞ்சால் ஒற்றலாம்.

உங்கள் பிளாஸ்டிக் வெடித்தது பெரும்பாலும் தின்னரால். இனாமல் தின்னர் பெயின்ட் இல்லாத பிளாஸ்டிக்குள் இறங்கி அதை நொறுங்க வைக்கும், அதுவும் இழுபட்டு இறுகி நிற்கும் மூட்டுகளில். வோஷுக்கு முன் அக்ரிலிக் கிளியர் கோட் ஒன்று வண்டியின் அடிப்பகுதி, மூலைமுடுக்கு வரை போக வேண்டும், ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். பிறகு வோஷைத் தகடு முழுக்க ஊற்றாமல் மெல்லிய தூரிகையால் ரிவெட்டைச் சுற்றியும் மூட்டுக்கோட்டிலும் மட்டும் தொடுங்கள், அது தானாக ஓடிக்கொள்ளும். மிஞ்சியதைக் கொஞ்ச நேரம் கழித்து, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால் மழைநீர் வடிந்த கோடும் அதிலேயே கிடைத்துவிடும்.

மூதூர்த் தம்பி, அம்மா துணியைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், அடுத்ததாகச் சாக்குப் பைகளையும் அவரிடம் காட்டிவிட்டு வையுங்கள். லொறிக்குத் தூசி போடும் முன் மாட் வார்னிஷ் அடித்து முடித்துவிடுங்கள். பிக்மென்டுக்கு மேல் வார்னிஷ் அடித்தால் பாதி நிறம் காணாமல் போய்விடும், பிறகு திரும்ப முதலிலிருந்து போட வேண்டி வரும். பிக்மென்டை ஒட்டி நிறுத்திவைக்க பிக்மென்ட் ஃபிக்ஸர் என்கிற திரவம் ஒரு துளி, தூரிகை நுனியால் ஓரத்தில் தொட்டால் போதும்.