கண்மாய்க் கருவை: பணம் அனுப்புவதற்கு முன்

ஊர்ச்சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கண்மாயைச் சீர்படுத்த வெளிநாட்டில் இருக்கும் நாம் பணம் போட வேண்டும் என்று சிங்கப்பூர் அண்ணன் போன வாரம் போட்ட மடலையும், அதற்குக் கீழே இரண்டே நாளில் குவிந்த பதில்களையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கண்மாயில் மண்டிக் கிடக்கும் கருவையை, அதாவது சீமைக்கருவேலத்தை அழித்து, தூர்வாரி, கரையைப் பலப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. என் பங்குப் பணமும் உண்டு. ஆனால் மலேசியாவில் இருக்கும் கீழத்தெருத் தம்பி (அவன் வீட்டில் கருவை விறகைக் கரி சுட்டுத்தான் பிழைப்பு), "மொத்தமாக வெட்டிவிட்டால் எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்?" என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தான். அதற்கு வந்த பதில்கள்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தன. "நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது" என்றார் ஒருவர். "நாலு பேர் கரி சுடுவதற்காக ஊரே காய வேண்டுமா" என்றார் இன்னொருவர். தம்பி அதற்கு அப்புறம் வாயே திறக்கவில்லை.

அந்த "நாலு பேர்" யார் என்று கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

கருவை நம் பக்கம் வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். காமராசர் காலத்தில் விதை தூவினார்கள் என்பது எங்கள் அப்பத்தாவின் கட்சி. உண்மையில் 1877-லேயே ஜமைக்காவில் இருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பக்கம் நட்டிருக்கிறார்கள். மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதிதான் அதன் பிறந்த ஊர். வறட்சியைத் தாங்கும், விறகுக்கு ஆகும் என்றுதான் அரசாங்கங்களே பரப்பின. அதன் பிறகு அரசாங்கம் எதற்கு? வெள்ளாடு நெற்றைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைத்தது. மழை பொய்த்து வயல் தரிசான ஆண்டுகளில் வயலுக்குள்ளேயே ஏறியது. அந்த ஆண்டுகளில் ஊரில் அடுப்பு எரிந்ததும் பல வீடுகளில் சோறு வெந்ததும் இந்த மரத்தால்தான். இன்று திட்டுகிற நாம் எல்லோரும் அந்த விறகில் வெந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள்.

கரிமூட்டம் போடுவதை நம்மில் பலர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம், புகை வந்தால் மூக்கைப் பொத்தியிருப்போம். நான் ஒரு முழுப் பரீட்சை லீவில் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விறகை அளவாக வெட்டிக் கூம்பு போல அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு, ஈரமண்ணால் மெழுகிவிடுவார்கள். உள்ளே நெருப்பு வைத்த பிறகு அது எரியக் கூடாது, புழுங்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை திரளும். நாள் போகப் போக மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். மூட்டத்தின் பருமனைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அத்தனை இரவும் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். மண்பூச்சில் ஒரு வெடிப்பு விழுந்து காற்று புகுந்தால் விடியும்போது கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும். நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி தேறும். அதில் வெட்டுக்கூலி, லாரி வாடகை, வியாபாரியிடம் முன்கூட்டியே வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் போக மிச்சம் என்னவென்று தம்பிக்குத்தான் தெரியும்.

கரி சுடுகிறவர்கள் மட்டுமில்லை. கோடையில் புல் காய்ந்த பிறகு ஆடுகளுக்குக் கருவை நெற்றுதான் தீவனம். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் விறகடுப்புக்குத் திரும்பும் வீடுகள் இருக்கின்றன. இன்னொன்று இருக்கிறது, எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. லண்டன் மதினி எனக்குத் தனியாக எழுதியதை அவர் சம்மதத்தோடுதான் இங்கே போடுகிறேன். கீழத்தெருவில் கட்டிக் கொடுத்த கழிப்பறைகளில் தண்ணீர் வராததால் பாதிக்கு மேல் விறகு அடுக்கும் அறையாகிவிட்டன. பெண்களுக்கு அந்தக் கருவைப் புதர்தான் ஒதுக்குப்புறம். "வெட்டுகிற ஆம்பிளைகள் இதை யோசித்தார்களா என்று கேளு" என்று எழுதியிருந்தார். நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். கண்மாய் நிறைந்தால் அதன் தண்ணீர் பாயும் நிலமான ஆயக்கட்டு விளையும், கிணறு ஊறும். நீர்பரப்பில் காடு நின்றால் வண்டல் தங்கிக் கொள்ளளவு குறையும், மடைக்குத் தண்ணீர் வந்து சேராது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்லிப் பெருமைப்படும் சீமை நம்முடையது. சிக்கல் எங்கே என்றால், கண்மாய் நிறைந்தால் வரும் லாபம் ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்குப் போகும். கீழத்தெருவில் ஒரு வீட்டுக்கும் ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. லாபம் ஒரு தெருவுக்கு, நட்டம் இன்னொரு தெருவுக்கு என்று இருக்கும்போது "ஊர் நன்மை" என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நம் குழுவில் கரி சுட்ட வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன். இரண்டு பேர்.

2017-ல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. மாவட்டம் மாவட்டமாக அரிவாளும் ஜேசிபியுமாக இறங்கினார்கள். சில மாதத்திலேயே, அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டுவதா என்று வேறொரு வழக்கு வந்து சென்னையில் இடைக்காலத் தடை விழுந்தது, பிறகு அது நீங்கியது. 2022-ல் அரசே அயல் தாவரங்களுக்கு என்று ஒரு கொள்கை வெளியிட்டது. இத்தனை நடந்தும் நம் கண்மாயில் காடு அப்படியே நிற்கிறது. காற்றில் உள்ள ஈரத்தைக்கூட உறிஞ்சும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்சப்பில் வருவதை நான் இங்கே பரப்ப மாட்டேன். ஆனால் அதன் வேர் விளையாட்டல்ல. இந்த இனத்து மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள்.

நாமும் ஒருமுறை வெட்டினோம், அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். அந்த வசூலை முன்நின்று நடத்தியவன் நான், அதனால் பழியும் என்னுடையதே. ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். தரைக்கு மேலே வெட்டி, லாரி லாரியாக விறகை ஏற்றிக் கொண்டு போனார். தூரை, அதாவது வேரோடு இருக்கும் அடிக்கட்டையைத் தொடவில்லை. நாம் போட்டோ பார்த்துக் கைதட்டினோம். இரண்டாவது மழைக்கு ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுக் கிளை வெடித்து முன்பைவிட அடர்த்தியாக எழுந்தது. கீழத்தெருவில் இருந்து ஒரு பெரியவர் அப்போதே, "தூரோடு எடுக்கிற வேலையை எங்களிடம் கொடுங்கப்பா" என்று கேட்டார். கூலி அதிகம் கேட்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். தூரில் இருந்து வரும் கரி கெட்டியானது, நல்ல விலை போவது என்பது எனக்கு அப்போது தெரியாது. தூரைத் தோண்டி எடுக்க ஊரிலேயே ஆசைப்பட்டவர் அவர் ஒருவர்தான், அவரைத்தான் திருப்பி அனுப்பினேன்.

நான் இருக்கும் கோபன்ஹேகனில் அமாகர் கடற்கரைக்கு நடக்கப் போனால் எதிரே கடலில் 20 காற்றாலைகள் வில் வளைவாக நிற்கும். மிடில்குருண்டன் என்று பெயர். 2000-ல் நிறுவியது, மொத்தம் 40 மெகாவாட். அதில் பாதி, பத்து காற்றாலைகள், ஒரு கூட்டுறவுச் சங்கத்துடையது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் 4,250 குரோனர் பங்குகளாக வாங்கிச் சேர்ந்தது. டென்மார்க்காரர்களுக்குக் காற்றாலை என்றால் கொள்ளைப் பிரியம், அதனால் சுலபமாக முடிந்திருக்கும் என்றுதான் நானும் வந்த புதிதில் நினைத்தேன். நடந்ததோ வேறு. முதல் திட்டத்தில் 27 காற்றாலைகள் மூன்று வரிசையாக நிற்பதாக இருந்தது. மக்கள் கருத்துக் கேட்டபோது, நகரத்தின் கடல் முகப்பையே கெடுத்துவிடும் என்று எதிர்ப்பு வந்தது. சங்கத்தார் அவர்களைச் சுற்றுச்சூழல் விரோதிகள் என்று சொல்லவில்லை. ஏழு காற்றாலைகளை விட்டுக்கொடுத்து, மீதியை நகரத்தின் பழைய அரண் வரிசையின் வளைவை ஒட்டி ஒற்றை வரியாக மாற்றினார்கள். சத்தம் வரும் என்று பயந்தவர்களைத் தரையில் ஓடும் ஒரு காற்றாலைக்கே அழைத்துப் போய் நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார்கள். அந்த இடம் துறைமுகச் சேற்றைக் காலம் காலமாகக் கொட்டிய மேடு, கிளறினால் விஷம் பரவுமோ என்ற கவலைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் திட்டத்துக்கும் முதல் காற்றாலைக்கும் நடுவே வருடங்கள் ஓடின. நமக்கு இரண்டு நாள் பொறுக்கவில்லை.

அந்த ஊர் பணக்கார ஊர், இது நம்மூர், ஒப்பிடக் கூடாது என்று துபாய் சித்தப்பா சொல்வார். சரிதான். அங்கே பங்கு வாங்கக் கையில் காசு இருந்தது. கீழத்தெருவில் பங்கு வாங்கச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பங்கைக் காசாகத்தான் கொடுக்க வேண்டுமா? ஊரார் சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தை அரசு 2017-ல் மறுபடி தொடங்கியபோது விவசாயிகள் பங்காக 10 சதவீதம் வைத்தார்கள், அதை உழைப்பாகவும் செலுத்தலாம் என்றார்கள். குடிமராமத்து என்பதே நம் முன்னோர் உடம்பால் செலுத்திய பங்குதானே.

என் யோசனை இது. கண்மாயை ஒரே கோடையில் மொட்டையடிக்க வேண்டாம். நாலு பாகமாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்றாக எடுப்போம். வெட்டும் வேலையும் கரியும் கீழத்தெருக் குடும்பங்களுக்கே. ஒரே நிபந்தனை, தூர் மண்ணுக்குள் இருக்கக் கூடாது. நம் பணத்தில் ஜேசிபி வாடகை போடுவோம், ஆழத்தூரை அது கிளப்பிக் கொடுக்கட்டும். பிறகு முளைக்கும் கன்றைப் பிடுங்கும் வேலைக்கு இரண்டு மழைக்காலத்துக்கு நாம் கூலி கொடுப்போம். போன முறை தோற்றது அந்த இடத்தில்தான். கிழக்கே இருக்கும் புதர்ப் பாகம் கடைசியில்தான். அதற்குள் அந்தக் கழிப்பறைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் அண்ணன் போட்ட பட்ஜெட்டில் கரை மேல் வரவேற்பு வளைவுக்கு ஒரு தொகை இருக்கிறது. அதை இங்கே திருப்பலாம். வளைவில் யார் பெயர் முதலில் வரும் என்ற சண்டையும் மிச்சம்.

நாலு வருடம் கழித்துக் கரி சுட மரம் இருக்காதே? அங்கேதான் எனக்கும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் போனில் பேசியபோது சட்டென்று சொன்னார், "தண்ணி நின்னா மீன் நிக்கும்ல." கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடும் மீன்பாசி ஏலம்! நம் ஊரில் எப்போதும் ஏலம் எடுப்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். கண்மாய் நிறைந்த முதல் ஐந்து வருடத்துக்கு மீன்பாசியைக் கீழத்தெருவுக்கு விட்டுவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் வரட்டும். ஏலத்தொகை கோயிலுக்குப் போகிறது என்பார்கள். திருவிழாவுக்கு அந்தத் தொகையை வெளிநாட்டில் இருக்கும் நாம் ஈடுகட்டுவோம். இதை ஒப்புக்கொள்ளவைப்பது கருவையை வெட்டுவதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குவைத் மாப்பிள்ளை, உங்கள் அப்பாதான் இதில் முக்கியம். நீங்கள் பேசினால் கேட்பார்.

ஒரு சின்ன விஷயம். நடுவில் இருக்கும் மண்திட்டில் நாட்டுக்கருவேலம் நிற்கிறது. அவசரத்தில் அதையும் சேர்த்துச் சாய்த்துவிடாதீர்கள். கொக்கும் நாரையும் அடைவது அங்கேதான். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை, நாம் ஒரு திட்டையாவது விடலாம்.

அனுமதி வேலையையும் இப்போதே தொடங்க வேண்டும். ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையுடையது, குறைவென்றால் ஒன்றியத்துடையது. நம்முடையது எதில் வருகிறது என்பதை ஊரில் இருக்கும் யாராவது பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். அதிகாரிகள் மரத்துக்கு விலைமதிப்புப் போடுவதற்கு முன் கோடரி வைத்தால் வேறு சிக்கல் வரும்.

என் பங்கு 25 ஆயிரம் தயாராக இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் கீழத்தெருப் பெண்கள் இரண்டு பேராவது உட்கார்ந்து பேசினார்கள் என்ற செய்தி வந்த அன்று அனுப்புவேன்.

தம்பி, நீ ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது எங்கள் தப்பு. உன் அப்பாவிடம் கேட்டு எழுது. ஒரு பாகத்தைத் தூரோடு எடுக்க எத்தனை ஆள், எத்தனை நாள் ஆகும்? கலுங்குப் பக்கம் தொடங்கலாமா, கீழ மடையில் தொடங்கலாமா? அன்றைக்குத் தூர் கேட்டு வந்தவர் அவர்தான் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றும் சொல்.