இங்கிலாந்துல அடல்ட் டீம்ல இருக்கேன், வீட்ல அப்பாவ பாத்துக்குற பிள்ளைக்கு நான் என்ன செய்யணும்?

கேள்வி – புதுசா_வந்தவன்
வணக்கம். சென்னைல எம்எஸ்டபிள்யூ முடிச்சிட்டு இப்ப இங்க ஒரு கவுன்சில்ல (உள்ளூராட்சி) அடல்ட் சோசியல் கேர்ல, அதாவது முடியாத பெரியவங்களுக்கு உதவி ஏற்பாடு பண்ற டீம்ல இருக்கேன். விவரமெல்லாம் கொஞ்சம் மாத்திதான் எழுதுறேன், அடையாளம் தெரியக்கூடாதுல்ல. ஈழத்தமிழ் குடும்பம், அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் வரல, பேச்சும் குழறுது, அம்மா சாயங்கால ஷிஃப்ட்டுக்கு போறாங்க. என்ன உதவி வேணும்னு பாக்குற அசெஸ்மென்ட்டுக்கு போனா "நாங்களே பாக்கிறம், ஒரு பிரச்சினையும் இல்லை"ங்கறாங்க, ஆனா என்ன மாத்திரைன்னு கேட்டதும் 14 வயசு பொண்ணு மாடில இருந்து இறங்கி வந்து பேரு, எத்தன மில்லிகிராம், எது சாப்பாட்டுக்கு முன்னாடின்னு பாக்காமலே சொல்லுது. பாத்ரூமுக்கு யாரு கூட்டிட்டு போறாங்கன்னு கேட்டேன், ரெண்டு பேரும் வாயே திறக்கல. டீம்ல ஒருத்தர் "அது சில்ட்ரன்ஸ் சர்வீஸ் வேலை, நம்ம கேஸ் அப்பா மட்டும்தான்"ங்கறார். சரியா அது? அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் பேசுறது? சில்ட்ரன்ஸ் சர்வீஸுக்கு எழுதி அனுப்பணும், ரெஃபரல்னு சொன்னதுமே அம்மா முகம் மாறிடுச்சு.

பதில் – பழைய_கை
சரியில்ல தம்பி. அந்தாளு சொல்றத கேக்காதீங்க. 2014 கேர் ஆக்ட்படி நீங்க பெரியவர அசெஸ் பண்ணும்போதே அந்த வீட்ல ஏதாவது பிள்ளை கேர் பண்ணுதான்னு பாக்கணும், பண்ணுதுன்னா சில்ட்ரன்ஸ் சைடுக்கு சொல்லணும், அதுவும் உங்க வேலைதான். முன்னாடி 1995 சட்டத்துல பிள்ளையே கேட்டாத்தான் அசெஸ்மென்ட், அதுவும் "கணிசமா, தொடர்ந்து" செஞ்சாத்தான். 2015 ஏப்ரல்ல இருந்து 18 வயசுக்கு கீழ யாராவது கேர் பண்றாங்க, அவங்களுக்கு சப்போர்ட் தேவைப்படலாம்னு தெரிஞ்சாலே போதும், யாரும் கேக்க வேண்டியதில்ல, கவுன்சில் பாத்தே ஆகணும். சில்ட்ரன் ஆக்ட்ல 17 இசட் ஏ-ன்னு இருக்கும், மேனேஜர்கிட்ட அத காட்டுங்க.

ஆனா நிறைய பேர் ரெஃபரல் போட்டுட்டு நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சிடுறாங்க, அங்கதான் கோட்ட விடுறாங்க. அந்தப் பொண்ணு ஏன் செய்யுது, சாயங்காலம் வேற ஆள் இல்ல அதான். அந்தப் பொண்ணே வீட்ல இல்லைன்னு வெச்சுக்கிட்டு அப்பாவுக்கு என்னென்ன வேணும்னு எழுதுங்க. உதவிக்குத் தகுதி இருக்கா, அதான் எலிஜிபிலிட்டி, அப்படித்தான் பாக்கணும், வீட்ல ஒருத்தர் செய்றாங்கன்னு அந்தத் தேவைய கழிக்கக் கூடாது. டாய்லெட், குளிப்பாட்டுறது இதெல்லாம் 14 வயசுப் பிள்ளை அப்பாவுக்கு செய்ற வேலையே இல்ல, அவருக்கும் அது எவ்ளோ கஷ்டமா இருக்கும் யோசிங்க. சாயங்கால கேர் கால் (கேர் பண்ற ஆள் வீட்டுக்கு வந்து போறது), கொமோட் நாற்காலி, பிடிச்சுக்க கிராப் ரெயில், ஆக்குபேஷனல் தெரபி அசெஸ்மென்ட் (அன்றாட வேலைய எப்படிச் செய்ய முடியும்னு பாக்குறது), மாத்திரைய பார்மசில நாள், வேளை பிரிச்சு டோசெட் பாக்ஸா போட்டுத் தர முடியுமான்னு கேக்குறது, எல்லாம் உங்க கைலதான் இருக்கு.

பொண்ணுகிட்ட தனியா பேசுங்க, முடிஞ்சா ஸ்கூல்ல. "நீ கேரரா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். நேத்து ஸ்கூல் விட்டு வந்ததுல இருந்து தூங்குற வரைக்கும் என்னென்ன செஞ்சன்னு கேளுங்க. ராத்திரி அப்பா கூப்பிட்டா யாரு எந்திரிப்பா, நீ ஸ்கூல் ட்ரிப் போனா அன்னைக்கு யாரு பாப்பா, எந்த வேலை செய்ய உனக்குப் பிடிக்கல. அப்புறம் உங்களுக்குத் தமிழ் தெரியுது, அடுத்து டாக்டர் வந்தா தெரியாதே, அப்ப பொண்ணுதான் மொழிபெயர்க்கும், அதுக்கு இன்டர்ப்ரெட்டர் வேணும்னு ஃபைல்ல எழுதிடுங்க.

பதில் – கொக்குவில்_பெட்டை
நான் பதினொரு வயசில இருந்து அம்மாவைப் பாத்தனான், அவாக்கு மனவருத்தம், அதாவது மனநோய். அந்தப் பிள்ளையின்ர அம்மா ஏன் முகம் மாறினவா எண்டு எனக்கு நல்லா விளங்குது, சோசியல் வந்தா பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போடுவினம் எண்டுதான் எங்கட சனம் எல்லாம் நினைக்கிறது, வெளியில தெரிஞ்சா கோயிலில என்ன கதைப்பினம் எண்டது வேற. அதால முதல் வாய் திறக்கேக்கயே "பிள்ளையைப் பிரிக்க வரேல்ல, உங்கட வேலையைக் குறைக்க வந்தனான்" எண்டு சொல்லுங்கோ, ரெஃபரலில என்ன எழுதப் போறீங்கள் எண்டதையும் அவைக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

எங்கட வீட்டுக்கு வந்தவை எல்லாரும் "நல்ல பிள்ளை, கெட்டிக்காரி" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். அப்பிடிச் சொன்னாப் பிறகு எனக்கு ஏலாமல் இருக்கு எண்டு எப்பிடிச் சொல்லுறது? உதவினது எண்டா ஸ்கூலில ஒரு டீச்சர் தந்த அனுமதி அட்டைதான். வகுப்பில போன் ஓனா வச்சிருக்கலாம், வீட்டில இருந்து கோல் வந்தா காரணம் சொல்லாமல் வெளிய போகலாம். பெரிய விசயமில்லை, ஆனா அதுக்குப் பிறகுதான் பாடம் மண்டைக்குள்ள ஏறினது.

பதில் – சும்மா_ஒரு_ஆள்
ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும்தான் வீட்டு வேலை செய்யுது, தாத்தா பாட்டியப் பாத்துக்குது, இதுக்குப் போய் அசெஸ்மென்ட் ஃபார்மா? பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரட்டும்ங்க.

பதில் – பழைய_கை
பொறுப்பு வேணாம்னு யாரு சொன்னா. பாத்திரம் கழுவுறதையோ தம்பிக்கு தோசை ஊத்துறதையோ யாரும் ஃபார்ம்ல எழுதப் போறதில்ல. அப்பா விழுந்துடுவாரோன்னு ராத்திரி தூங்காம கெடக்குறது, காலைல லேட்டாப் போய் டிடென்ஷன் வாங்குறது, அதுதான் இங்க பேச்சு.

பதில் – ஸ்கூல்_ஆபீஸ்
நான் செகண்டரி ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கேன். 2023ல இருந்து இங்கிலாந்துல ஸ்கூல்கள் அரசுக்கு அனுப்புற கணக்கெடுப்பு, ஸ்கூல் சென்சஸ்லயே, யங் கேரர் (வீட்ல யாரையாவது பாத்துக்குற பிள்ளை)னு ஒரு கட்டம் இருக்கு, ஆனா பாதிக்கு மேல ஸ்கூல்கள் எங்ககிட்ட ஒருத்தர்கூட இல்லைன்னுதான் போட்டு அனுப்புனாங்க, அதெப்படி இருக்க முடியும் சொல்லுங்க! யாரும் கேக்கல, அவ்ளோதான். லேட் மார்க்க மட்டும் பாக்காதீங்க, லேட்டே ஆகாம, மார்க்கும் நல்லா வாங்கிட்டு, ஸ்கூல் விட்டதும் ஒரு நிமிஷம் நிக்காம ஓடுற பிள்ளையும் இருக்கும். ட்ரிப் ஃபார்ம் மட்டும் திரும்பியே வராது. ஸ்கூல்ல யங் கேரர் லீட் யாருன்னு கேளுங்க, இல்லைன்னா சேஃப்கார்டிங் லீட், அதாவது பிள்ளைங்க பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்.

புதுசா_வந்தவன்
ரொம்ப நன்றி எல்லாருக்கும். கொக்குவில் அக்கா சொன்ன மாதிரியே அம்மாகிட்ட போன்ல பேசினேன், வாசிச்சுக் காட்டுறேன்னதும் கொஞ்சம் எறங்கி வந்தாங்க. சாயங்கால கால் கேட்டு எழுதியாச்சு, மேனேஜர்தான் பட்ஜெட்னு இழுக்கிறார். இன்னொன்னு, அந்தப் பொண்ணுக்கு 16 ஆனா கேரர்ஸ் அலவன்ஸ் (வீட்ல பாத்துக்குறவங்களுக்கு அரசு தர்ற பணம்) கிடைக்கும்னு அம்மா யாரோ சொல்லி கேட்டாங்க?

பதில் – பழைய_கை
வாரம் 35 மணி நேரம் கேர் பண்ணணும், அப்பாவுக்கு பிப்ல (உடல் முடியாதவங்களுக்கு அரசு தர்ற உதவித்தொகை) டெய்லி லிவிங் பங்கு மாதிரி ஏதாவது வந்துட்டு இருக்கணும், அதோட பொண்ணு வாரம் 21 மணி நேரமோ அதுக்கு மேலயோ படிச்சா கிடைக்காது. ஏ லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) படிச்சா அநேகமா கிடைக்கவே கிடைக்காது, அதுக்காகப் படிப்பக் குறைக்குற எண்ணம் வீட்ல வந்துடப் போகுது, மொதல்லயே பேசிடுங்க. அம்மாவும் கேரர்தானே, அவங்களுக்கும் தனியா கேரர் அசெஸ்மென்ட் உண்டு, அத ஆஃபர் பண்ணீங்களா? பட்ஜெட்னு இழுத்தா இமெயில்ல கேளுங்க, வாய்ல பேசினா பதிவு இருக்காது.